லேத்தில் கடைந்த சப்பாத்திக் கட்டை ஒரு மாதத்தில் வெடித்து, உருட்டினால் தத்துகிறது. லேத்தில் கோளாறா?

லேத் மேல் பழி இல்லை. பச்சை வேப்பங்கிளையை அப்படியே கடைந்ததாகச் சொல்கிறீர்கள்; கோளாறு அங்கேதான்.

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்கும். வட்டமாகக் கடைந்தது முட்டை வடிவாவது இதனால்தான். மரத்தின் மையத்தில் ஓடும் நடுத்தண்டும் கட்டைக்குள் இருந்துவிட்டால் சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். கிளையாக இருந்தால் வளையவும் செய்யும்.

அடிமரத்தில், நடுத்தண்டை விட்டு ஒதுங்கிய வைரப் பகுதியில் 50 மி.மீ. சதுரம், 36 செ.மீ. நீளம் அறுத்து வாங்குங்கள். இரு முனையிலும் மெழுகு தடவி நிழலில் காயவையுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. அதைவிட நம்பகமானது தராசு. வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, மூன்று வாரம் எடை மாறாவிட்டால் கடையலாம். மா, தேக்கு, புளி எதுவும் சரி. புளி உளியைச் சீக்கிரம் மழுக்கும். எட்டி மரம் விஷம், வேண்டவே வேண்டாம். பழைய கதவுச் சட்டமும் வேண்டாம்: பெயின்ட்டில் ஈயம், மரத்தில் கரையான் மருந்து இருக்கலாம்.

முனைகளில் மூலைக்கு மூலை கோடிழுத்து மையம் குறியுங்கள். உளி தாங்கியைக் கட்டையிலிருந்து 3 மி.மீ. தள்ளி வைத்து, கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி இடிக்கிறதா என்று பாருங்கள். சதுரம் உருண்டையாகும்வரை லேத் வேகம் நிமிடத்துக்கு 800 முதல் 1000 சுற்று, பிறகு 1500. உளியைப் பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கே நகர்த்துங்கள். எதிராகப் போனால் நார் பிய்ந்து எழும். கட்டையின் மறுமுனையைத் தாங்கும் வால்பக்க மையத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய கட்டை வில்லாக வளைந்து அதிரும். அந்த வரிவரித் தழும்பைப் பார்த்துவிட்டுப் பலர் உளியைத் திட்டுகிறார்கள்.

நடுவில் 20 செ.மீ. உருளை, இருபுறமும் 6 செ.மீ. பிடி. உருளையில் 5 செ.மீ.க்கு ஓரிடமாகக் விட்டம் அளக்கும் காலிப்பரால் 41 மி.மீ. பிடித்து, இடையில் உள்ளதை அந்த மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிவில் வேண்டியது 40 மி.மீ.; மிச்ச 1 மி.மீ. உப்புத்தாளுக்கு. தாளை விரலால் அழுத்தினால் நடுவில் குழி விழும். அந்தக் கட்டையில் தேய்த்த சப்பாத்தி நடுவில் தடித்தே இருக்கும். தட்டையான மரத்துண்டில் தாளைச் சுற்றி, உளி தாங்கியைக் கழற்றிவிட்டு 120, 180, 240, 320 எண் தாள்கள் என்று வரிசையாகப் போங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மயிர்போல் நார் எழும். அதையும் 320-ஆல் நீக்குங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால் முதல் கழுவலிலேயே கட்டை சொரசொரக்கும்.

வார்னிஷ் வேண்டாம், நாளடைவில் உரிந்து மாவில் சேரும். நல்லெண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். கடையில் 'கொதித்த' ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் உலோக உலர்த்திகள் இருக்கும், அதுவும் ஆகாது. மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, நீராவிச் சூட்டில் உருக்கி ஆறவைத்துத் தடவுங்கள். லேத் ஓடும்போது துணியால் தடவக் கூடாது, சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். காகிதம் என்றால் சுற்றிக்கொண்டாலும் கிழிந்து விரலை விட்டுவிடும்.