இரண்டாவது கையெழுத்து

அன்புள்ள அக்கா,

இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் வேலை செய்கிறேன். நைட் ஷிஃப்டும் ஞாயிற்றுக்கிழமையும் எப்போதும் எங்கள் நான்கு பேர் தலையில்தான் விழும். வெள்ளைக்காரர் அல்லாதவர்கள் நாங்கள் நால்வர் மட்டுமே. எங்களில் நைஜீரியத் தோழி ஒருத்தி எழுத்தில் புகார் கொடுத்துவிட்டாள். என்னையும் கூப்பிடுகிறாள். முன்னால் நின்று பேச எனக்கு வராது. விசா வேறு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அவள் பின்னால் நின்றால் மட்டும் போதுமா? அது கோழைத்தனமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

கோழைத்தனமே இல்லை. படித்ததும் எனக்கு லண்டனில் 1976-இல் நடந்த க்ரன்விக் போராட்டம்தான் நினைவுக்கு வந்தது. க்ரன்விக் என்பது, தபாலில் வரும் ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, தபாலிலேயே திருப்பி அனுப்பும் கம்பெனி. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தெற்காசிய வம்சாவளிப் பெண்கள். கூலி குறைவு. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஓவர்டைம் என்றால் இருந்தே ஆக வேண்டும். கழிப்பறைக்குப் போகக்கூட, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, கை தூக்கி அனுமதி கேட்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களே கை தூக்கி நிற்கிறார்கள் என்று யாரோ ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருப்பாள்தானே! அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அந்தப் போராட்டம் என்றாலே அதை முன்னின்று நடத்திய ஜெயாபென் தேசாய்தான். ஐந்தடிகூட இல்லாத பெண். ஆனால் ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை, முதலில் வெளியே வந்தவர் அவர் அல்ல. அன்று ஓர் இளைஞரை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவருக்காக மூன்று பேர் கூடவே எழுந்து போனார்கள். சாயங்காலம்தான் ஜெயாபென் ஓவர்டைம் தகராறில் மகனோடு வெளியேறினார். திங்கட்கிழமை வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அதைப் பார்த்து உள்ளே இருந்தவர்கள் மெஷினை விட்டு எழுந்து வந்தார்கள். கடைசியில் 137 பேர். திங்கட்கிழமை அவர்கள் எழுந்திருக்காவிட்டால், ஜெயாபென் கோபத்தில் வேலையை விட்ட ஓர் அம்மா, அவ்வளவுதான்.

அவர்கள் ஜெயிக்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த வட்டாரத்துக் கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் அந்தக் கம்பெனித் தபாலைத் தொட மறுத்தார்கள். 1977 ஜூலையில் ஒரே நாளில் சுமார் 20,000 பேர் ஆதரவாக வந்து நின்றார்கள். பிறகு பெரிய தொழிற்சங்கத் தலைமைகள் நழுவிக்கொண்டன. அவர்கள் தரும் ஆதரவு முழங்கையில் தடவிய தேன் மாதிரி என்றார் ஜெயாபென். நம் பழமொழியில் தேன் எடுத்தவனுக்குப் புறங்கையாவது கிடைக்கும். முழங்கைக்கு நாக்கு எட்டாது. 1978 ஜூலையில் போராட்டம் முடிந்தது. யாருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அதனால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அன்றைக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, புகார் கொடுத்தவரை மட்டுமல்ல, அவருக்காகச் சாட்சி சொல்பவரைப் பழிவாங்குவதும் சட்டவிரோதம்தான். அதுவும் போதாது, சட்டம் உங்கள் விசாவைப் புதுப்பித்துத் தராது. ஜெயாபென் வெளியே வந்த பிறகுதான் சங்கத்தைத் தேடினார். நீங்கள் உள்ளே இருக்கும்போதே ஒரு சங்கத்தில் சேருங்கள், இந்த வாரமே. விசா பற்றி அவர்களிடமே கேளுங்கள்.

மேடைப் பேச்சு எதுவும் வேண்டாம். கடந்த ஆறு மாத ரோட்டாவில் (ஷிஃப்ட் அட்டவணையில்) யாருக்கு எத்தனை ஞாயிறு, எத்தனை இரவு என்று எண்ணித் தேதியோடு எழுதுங்கள். அடியில் உங்கள் பெயரைப் போட்டு அவளிடம் கொடுங்கள். மற்ற இரண்டு பேரும் இப்போது அவளைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா