பல்பு எரிந்தது, அப்புறம்?

அன்புள்ள ஐயா,

இயற்பியல் முடித்துவிட்டு இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டு. ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் டூயி, பியாஜே, புரூனர் என்று கல்விச் சிந்தனையாளர்களைப் படித்ததை எல்லாம் ஒருமுறையாவது வகுப்பில் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்துக்கு என் சொந்தக் காசில் செல், வயர், பல்பு, ஹோல்டர் எல்லாம் வாங்கி, எட்டு எட்டுப் பேராக உட்கார வைத்து, குழப்பம் வரக்கூடாது என்று மின்சுற்றை முதலில் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டுத்தான் பொருட்களைக் கொடுத்தேன். பல்பு எரிந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று முழுக்க மிதந்துகொண்டுதான் இருந்தேன். அடுத்த வாரம் சின்னத் தேர்வு வைத்தேன். ‘மூடிய மின்சுற்று என்றால் என்ன?’ என்ற கேள்விக்குப் பாதிப் பேர் எழுதவே இல்லை. பக்கத்துப் பிரிவில் என் வழிகாட்டி ஆசிரியர் கேள்வி பதிலாக எழுதிப் போட்ட வகுப்பு நன்றாக எழுதியிருந்தது. ‘இதெல்லாம் ரெக்கார்டு நோட்டில் மார்க் வாங்கத்தாம்மா, வேலைக்கு வந்தா சாக்பீஸும் போர்டும்தான்’ என்று சிரித்தார். செய்து கற்றல் நிஜமா, வெறும் காட்சியா? அடுத்த மாதம் கமிஷன், அதாவது எங்கள் கற்பித்தலைப் பார்த்து மதிப்பெண் போடும் தேர்வுக் குழு, வருகிறது. அதற்கு இதே பாடத்தை எடுக்கலாமா, வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிஜமா காட்சியா என்ற கேள்வியை விட, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. குழப்பம் வரக்கூடாது என்று முதலில் வரைந்து காட்டிவிட்டீர்கள். யோசிக்க வேண்டிய வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பிள்ளைகள் செய்தது காப்பி நோட்டில் பார்த்து எழுதுவது மாதிரிதான், பென்சிலுக்குப் பதில் வயர். கை வேலை செய்தது, சந்தோஷமும் நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்குக்கூடத் தப்பாக நினைக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

குழப்பம் வரட்டும் என்று விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? ஹோல்டரைப் பையிலேயே வைத்துவிட்டு, ஒரு செல், ஒரு பல்பு, ஒரே ஒரு வயர் மட்டும் கொடுத்து ‘எரிய வை’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வயரின் ஒரு முனையைச் செல்லின் தலையிலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். எரியாது. ‘மிஸ், செல் வீக்’ என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் ஒரே ஒரு வயர் போவதைத்தானே பார்க்கிறார்கள்? அந்த ஒரு வயரின் மேலுறைக்குள் தனித்தனியாக இரண்டோ மூன்றோ வயர்கள் ஓடுவதை யார் உரித்துக் காட்டினார்கள்? குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி மின்சாரமும் ஒரு பக்கமிருந்து வந்து பல்பில் தீர்ந்துபோகிறது என்றுதான் அந்த வயதில் மனதில் இருக்கும். ‘மூடிய மின்சுற்று’ என்று நூறு முறை எழுத வைத்தாலும் அந்த எண்ணம் அசையாது. அது பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

உங்கள் பல்பு ஒன்றை ஹோல்டரிலிருந்து கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் சின்னதாக ஓர் ஈயப் பொட்டு. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அப்புறம் மரை போட்ட உலோகப் பக்கம். உள்ளே இழையின் ஒரு முனை அந்தப் பொட்டுக்குப் போகிறது, மறுமுனை பக்கவாட்டு உலோகத்துக்கு. கறுப்பு வளையம் இரண்டையும் ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருக்கிறது. ஆக, பல்புக்கு வாசல் இரண்டு. ஒரே வயரை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் திணறிய பிள்ளை, பொட்டைச் செல்லின் தலைமேல் நேராக நிறுத்தி, செல்லின் அடியிலிருந்து வயரை வளைத்துக் கொண்டுவந்து பல்பின் பக்கவாட்டைத் தொட்டதும் எரிகிறது பாருங்கள், அந்தப் பிள்ளைக்கு மின்சுற்று என்பது பாடப்புத்தக வார்த்தை இல்லை. ஹோல்டர் இந்த இரண்டு வாசலையும் மறைத்துவிடுகிறது. வசதிக்காக நாம் வாங்கும் பொருளே பாடத்தை விழுங்கிவிடும் இடம் இது.

இது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1990-களில் அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம், பட்டமளிப்பு அங்கியோடு நின்றவர்களிடமே, இதே செல்லையும் வயரையும் பல்பையும் கொடுத்து எரிய வைக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பலரால் முடியவில்லை. நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரிகளிடம் செய்து பார்த்தால் சுவாரசியமாக இருக்கும், ஆனால் நண்பர்கள் குறைந்துவிடுவார்கள்.

சரி, உங்கள் தேர்வுக்கு வருவோம். கையால் செய்ய வைத்துவிட்டு வரையறையைக் கேட்டால் எப்படி? வரையறையை எழுதிப் போட்ட வகுப்பு வரையறையை நன்றாக எழுதும், அதில் ஆச்சரியம் இல்லை. அதே இரண்டு வகுப்புக்கும் நான்கைந்து படம் வரைந்து கொடுத்து, எது எரியும், எது எரியாது, எரியாததில் எங்கே கோளாறு என்று கேளுங்கள். ஒரு பல்புக்குப் பதில் இரண்டு பல்பை வரிசையாகப் போட்டு, முதல் பல்பு அதிகமாக எரியுமா, இரண்டும் ஒரே மாதிரி எரியுமா என்று கேளுங்கள். கேள்வி பதில் எழுதிய வகுப்பில் ‘முதல் பல்பு’ என்ற பதில் நிறைய வரும் என்பது என் ஊகம். உங்கள் வகுப்பிலும் வரலாம், வரைந்து காட்டிவிட்டதால் மின்சாரம் பல்பில் தீர்ந்துபோகிறது என்ற எண்ணம் அங்கும் அசைந்திருக்காது.

தேர்வும் முறையும் தனித்தனியாக நடந்தால் முறைதான் தோற்கும். இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் அறிவியல் கற்பித்தல் திட்டத்தை நடத்தியவர்கள். 1972-இல் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள், 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் போனது. பிள்ளைகளே சோதனை செய்வார்கள், முடிவைப் புத்தகம் சொல்லாது, வகுப்பில் பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும். இதெல்லாம் வேறு இடங்களிலும் முயன்றதுதான். அவர்கள் செய்த பெரிய காரியம் தேர்வை மாற்றியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், தனியாகச் செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் ‘சவாலிராம்’ என்ற கற்பனை ஆசாமிக்குக் கடிதம் போடலாம், பதில் வரும். ஒரு குக்கிராமத்துப் பிள்ளைக்குத் தன் கேள்விக்குத் தபாலில் பதில் வருவதென்றால் சும்மாவா? 2002-இல் அரசு அதை மூடிவிட்டது. அந்த அரசியல் தனிக் கதை.

நம் ஊரிலும் பெரிய முயற்சி நடந்தது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்டு 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். 2007-08-இல் மாநிலம் முழுக்க முதல் நான்கு வகுப்புகளுக்கு அதுவே முறையானது. பாயில் உட்கார்ந்து, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்து, தன் படிக்கான பாட அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, தன் வேகத்தில் படிப்பது. நீங்கள் போகும் பள்ளி வளாகத்தில் பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடம் இருந்தால் சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள், பிள்ளைகளின் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை அடித்திருப்பார்கள், ஆளுக்கொரு கரும்பலகை. எனக்கு அந்த முறையில் இன்றும் மிகப் பிடித்தது அதுதான். சாக்பீஸ் ஆசிரியர் கையிலிருந்து பிள்ளை கைக்குப் போனது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் பல இடங்களில் நடந்தது என்னவென்றால், அட்டை இருந்தது, பேச்சு போய்விட்டது. பிள்ளை அட்டையை முடித்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போகும், ஆசிரியர் யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருப்பார். ‘ஏன் அப்படிப் போட்டே?’ என்று கேட்க ஆளில்லை. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. அட்டைக்குப் பதில் ஆடல், பாடல், பொம்மலாட்டம் என்று வந்திருக்கிறது, நல்லதுதான், ஆனால் நான் பார்ப்பது ஆட்டம் முடிந்த பிறகு ஆசிரியர் என்ன கேட்கிறார் என்பதை.

எல்லாவற்றையும் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். தெர்மாகோல் உருண்டையில் அணு மாதிரி செய்யும் பிள்ளை கற்றுக்கொள்வது தெர்மாகோல் வெட்டுவதை. அதைக் கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொண்டு வரும் பி.எட். மாணவர் அதையும் கற்பதில்லை. 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை கல்வித் துறையில் பெரிய சண்டையைக் கிளப்பியது. புதிதாகப் படிக்கிறவனை வழிகாட்டல் இல்லாமல் விட்டால் அவன் மண்டையில் ஒரே நேரத்தில் ஏறும் பாரம் தாங்காது, நேரடியாக விளக்குவதே மேல் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பத்து நிமிடம் திணற விடுங்கள் என்றுதான் சொல்கிறேன், முப்பது நிமிடம் விட்டால் பாதி வகுப்பு வயரை வைத்து ஊஞ்சல் கட்டியிருக்கும். திணறிய பிறகு நீங்கள் விளக்கலாம், விளக்க வேண்டும், அப்போது அந்த விளக்கத்தைக் கேட்கக் காது இருக்கும்.

உங்கள் வழிகாட்டி ஆசிரியரை வில்லனாக்கிவிடாதீர்கள். போர்ஷன், எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, திடீரென்று வரும் பயிற்சி, இவற்றுக்கு நடுவே நாற்பது நிமிடப் பீரியடை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர் அவர். எந்தப் பெஞ்சில் சண்டை வரும், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவரிடமிருந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கமிஷனுக்கு இதே பாடத்தைத் தாராளமாக எடுங்கள், ஆனால் பழைய மாதிரி வேண்டாம். எட்டுப் பேர் குழுவில் இரண்டு பேர் செய்வார்கள், ஆறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அதனால் இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். பொருளைக் கையில் கொடுக்கும் முன், எப்படி வைத்தால் எரியும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் படம் வரைந்துவிட வேண்டும். ரப்பர் கூடாது. தப்பான படம் நோட்டிலேயே இருக்கட்டும், பிறகு அதைப் பார்த்துத்தான் பேசப் போகிறீர்கள். கடைசிக் கால் மணி நேரத்துக்குப் பொருட்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள், கையில் வயர் இருக்கும் வரை எந்தப் பிள்ளையும் பேச்சைக் கேட்காது. ரெக்கார்டில் ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதாமல், இரண்டு மூன்று பிள்ளைகள் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று, பழைய டார்ச் பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை, எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது. கூடுதலாகத் தேவைப்படுகிறதே என்று எல்.இ.டி. வாங்கிவிடாதீர்கள். ஒரு செல்லின் 1.5 வோல்ட்டில் அது எரியாது, இரண்டு செல் போட்டாலும் அதன் இரண்டு கம்பிக் கால்களை இடம் மாற்றி வைத்தால் எரியாது, பிள்ளைகள் வேறு எதையோ கற்றுக்கொண்டு போவார்கள். பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வயரின் இரண்டு முனையையும் நேராகச் செல்லின் இரண்டு பக்கமும் வைத்தால் வயர் சுடும், செல்லும் போய்விடும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டு பிளக்கில் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லி நிறுத்தாமல் திரும்பச் சொல்ல வையுங்கள். கமிஷன் அன்று காலை எல்லா செல்லையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ‘மிஸ், செல் வீக்’ என்று பிள்ளை சொல்லும்போது அது உண்மையாக இருந்துவிடக் கூடாது.