நாடகம் பழக்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

அன்புள்ள அண்ணா,

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. சில வருடங்களாக எங்கள் ஊர்ப் பையன்களையும் பெண்களையும் சேர்த்து நாடகம் பழக்கி வருகிறேன். சின்ன வயதில் நானும் வேஷம் கட்டியவன். இப்போது ஆட்களைத் தயார் செய்வதோடு சரி. ஒருவரைத் தேற்றி எடுப்பதற்குள் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிடுகிறது, இல்லையென்றால் கல்யாணம் ஆகிவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கைத்தட்டல் நடிக்கிறவர்களுக்குப் போகிறது. "உனக்கு இதில் என்ன கிடைக்கிறது?" என்று வீட்டில் கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

இன்னொன்று. இரண்டாம் ஷிஃப்ட் முடித்து டிபன் பையோடு நேராக ஒத்திகைக்கு வருகிற பையன் ஒருவன் இருக்கிறான். எப்போதும் தாமதம்தான். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவனை நிறுத்திவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எனக்கு நிறையவே கிடைக்கிறது. நடித்த காலத்தில் கிடைத்ததைவிட அதிகம் என்றே சொல்வேன். ஆனால் அது ஒத்திகையில் கிடைப்பது. நாடகத்தன்று மட்டும் வந்து உட்காருகிறவர்கள் கண்ணில் படாது.

நம் பக்கத்துக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். இரண்டு பேர் திரை பிடித்திருக்க, உள்ளே ராஜா வேஷம் பாடிக்கொண்டு நிற்கும். வெளியே வந்ததும், கூத்தில் கோமாளியாக வந்து ஒவ்வொரு வேஷத்தையும் சபைக்கு அறிமுகப்படுத்தும் கட்டியங்காரன் கேள்வியாகக் கேட்பான். தாங்கள் யார், எந்த நாடு, இந்த வேளையில் சபைக்கு வந்த காரணம் என்ன. அவனுக்குத் தெரியாதா? பகலெல்லாம் பாரதப் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குத்தான் தெரியாதா? இருந்தாலும் ராஜா தன் வாயாலேயே தன்னைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒருவன் கேட்க வேண்டும். நான் நாடகம் பழக்குவது கட்டியங்காரனைப் பார்த்துக் கற்றதுதான். வருஷம் போகப் போக, செய்து காட்டுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டிக்கொண்டே வருகிறேன்.

எங்கள் குழுவில் பீடி சுற்றும் ஓர் அக்கா பாஞ்சாலி வேஷம் எடுத்தார். சூதாட்டச் சபையில், 'தன்னைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை?' என்று கேட்கிற இடம். வசனம் தடங்கலில்லாமல் வந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல எங்கேயோ மேலே பார்த்துச் சொன்னார். கோபமாகச் சொல்லுங்கள், அழுதுகொண்டே சொல்லுங்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "அக்கா, இதை நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள்?" என்றேன். "துரியோதனனிடம்" என்றார். கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். அப்புறம் அவரே, "இல்லையே, அவன் இப்படித்தான் செய்வான் என்று தெரியுமே. அவனிடம் போய் எதற்குக் கேட்கிறேன்?" என்றார்.

பீஷ்மராக உட்கார்ந்திருந்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா நேராக அவர் முன்னால் போய் நின்று, குரலை உயர்த்தாமல் அதே வசனத்தைச் சொன்னார். அப்புறம் துரோணர் முன்னால். அப்புறம் கிருபர். பீஷ்மர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிரதியில் அப்படி எதுவும் இல்லை, நானும் சொல்லவில்லை. பாஞ்சாலி அந்தச் சபையின் பெரியவர்களைப் பார்த்துத்தான் கேட்டாள் என்பது எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஒரு மனுஷி அதைத் தானாகக் கண்டுபிடிப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பது வேறு. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் நடித்துக்கொண்டிருந்தபோது என் வேஷத்தையும் என் வசனத்தையும் தாண்டி இப்படி இன்னொருவரைப் பார்த்ததே கிடையாது.

அந்த அக்கா மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். அடுத்துப் பாஞ்சாலியாக வந்த பெண் அவரைப் பார்த்துப் பழகியவள். அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று. இப்போது ஒரு கல்லூரி மாணவி செய்கிறாள். அவள் அந்த அக்காவைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவளும் முதலில் பீஷ்மர் முன்னால்தான் போய் நிற்கிறாள், குரலை உயர்த்துவதில்லை. வேஷத்தோடு சேர்ந்து அதுவும் வந்துவிட்டது. யார் கொடுத்தது என்று கூட இருந்து பழக்கிய எனக்குத்தான் தெரியும். திரும்ப முதலிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நாடகத்தையே ஒருதரம் இந்தக் கண்ணோடு பாருங்கள் தம்பி. போனவர்கள் விட்டுப்போனது அதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

ஆள் நிலைக்கவில்லையே என்கிற கவலை எனக்கும் புரிகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை சிறுவர்களே நடித்த நாடகக் கம்பெனி; அதில் பையன்கள் கம்பெனியோடேயே தங்கி வளர்ந்தார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பெ. ராஜகோபால் 2002 முதல் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பிள்ளைகள் தங்கிப் படித்துக்கொண்டே கூத்தும் கற்றார்கள், பெண் பிள்ளைகள் உட்பட. ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த கலையில் அது எவ்வளவு பெரிய காரியம்! செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தில் கூத்து தலைமுறை தலைமுறையாக வருகிறது. அவர்களுக்கெல்லாம் அதுவே வாழ்க்கை. நம் குழுக்கள் அந்த வகை கிடையாது. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் ஆரம்பித்த சுகுண விலாச சபையோடு வேண்டுமானால் உறவு சொல்லிக்கொள்ளலாம். வக்கீலும் உத்தியோகஸ்தரும் தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் நடித்த சபை அது. அங்கே வக்கீல்கள், இங்கே தறிக்காரர்களும் ஷூ கம்பெனிக்காரர்களும். சம்பளத்துக்கு வராத ஆள் ஒருநாள் போகத்தான் செய்வார்.

வீட்டுக்காரர்களுக்கு வாயால் பதில் சொல்ல முயலாதீர்கள். ஒருநாள் ஒத்திகைக்கு அழைத்து வந்து ஒரு மூலையில் உட்கார வையுங்கள். ஒரே காட்சியை நீங்கள் விடாமல் திருப்பித் திருப்பிச் செய்ய வைப்பதையும், எங்கோ ஓரிடத்தில் அது மாறுவதையும் அவர்களே பார்க்கட்டும்.

அந்தப் பையனைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஷிஃப்ட் முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு, பேரணாம்பட்டு வழியாக பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் வருகிறான் என்றால் அவனுக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது! அவன் காட்சிகளைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அவன் வரும்வரை மற்றவர்கள் பாட்டைப் பழகட்டும். முணுமுணுக்கிறவர்களில் ஒருவர் வீட்டிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் சோறு வரட்டும், பேச்சு தானாகக் குறைந்துவிடும். முடிந்தால் பின்பாட்டிலும் நிறுத்துங்கள். பின்பாட்டில் நிற்கிறவனுக்கு எல்லோருடைய பாட்டும் வந்தாக வேண்டும். யாராவது மேடையில் வரியை மறந்தால் எடுத்துக் கொடுக்கப்போகிறவன் அவன்தான். அப்புறம், அவனுக்கு எந்த வேஷம் வேண்டும் என்று இதுவரை கேட்டிருக்கிறீர்களா? நாளைக்கே கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். அரங்கேற்றம் எந்தத் தேதி என்பதையும் சேர்த்து எழுதினால், காட்பாடியிலிருந்து சாயங்காலமே புறப்பட்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்