கடிதம் கற்பனை, போராட்டம் நிஜம்

கேள்வி: பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' படத்தை என் மகள் போட்டுக் காட்டினாள். ஒரு மாணவி காதலனுக்கு எழுதிய கடிதங்களை ஒரு பெண்குரல் படித்துக்கொண்டே போகிறது. அந்தக் கடிதங்கள் கற்பனை என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் இது எப்படி ஆவணப்படமாகும்? ஒருத்தியின் காதலுக்கும் மாணவர் போராட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: 2021-ஆம் ஆண்டு கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்ற படம் என்பதால், உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது. கடிதம் எழுதும் 'எல்' கற்பனைப் பாத்திரம்தான். ஆனால், தலைவர் நியமனத்தை எதிர்த்து புனே திரைப்படக் கல்லூரி மாணவர்கள் 2015-இல் 139 நாள் நடத்திய வேலைநிறுத்தமும், சாதிப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடி 2016-இல் தற்கொலை செய்துகொண்ட ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் மரணத்துக்குப் பின் எழுந்த கொந்தளிப்பும், தில்லி ஜாமியா பல்கலைக்கழக நூலகத்துக்குள் போலீஸார் புகுந்து அடித்ததைக் காட்டும் கண்காணிப்புக் கேமராப் பதிவும் நடந்தவை. கபாடியாவும் அந்தக் கல்லூரியில் படித்து, அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டவர்.

காதலுக்கும் போராட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் சாதியில் இருக்கிறது. 'எல்' வேறு சாதிப் பெண் என்பதால் காதலனின் வீட்டார் அவனைத் தடுத்துவிடுகிறார்கள். அவனிடமிருந்து ஒரு பதில்கூட நம் காதில் விழுவதில்லை. வீதியில் சமத்துவம் கேட்ட தலைமுறையைச் சேர்ந்த ஒருவன் தன் வீட்டுக்குள் வாய்திறக்க முடியாமல் நிற்பதை, எந்த முழக்கக் காட்சியையும்விட இந்த மௌனம் அழுத்தமாகச் சொல்கிறது. காதல் கதையை எடுத்துவிட்டால் போராட்டக் காட்சிகள் செய்தித் தொகுப்பாகவே மிஞ்சியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடக்கக் காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள். மாணவர்கள் ஆடுகிறார்கள், எந்தப் பாட்டுக்கு என்பது நமக்குக் கேட்பதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியாக வேலை கொடுத்து, இடையிலுள்ளதை நாமே சேர்த்துக்கொள்ளும்படி விடுவதுதான் இந்தப் படத்தின் முறை. கதையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் தொடக்கத்தில் சலிப்பு வரும் என்பதும் உண்மையே.

இளைஞர்களின் மனக்குரலை ஆவணப்படமாக்குவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. உங்கள் மும்பையிலேயே பெடர் சாலையில் இருந்த ஃபிலிம்ஸ் டிவிஷன், அரசு நிறுவனமாக இருந்தும், 1967-இல் எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' படத்தைத் தயாரித்தது. சுதந்திரத்தோடு பிறந்த இளைஞர்கள், நாட்டைப் பற்றித் தாங்கள் நினைத்ததை அதில் நேராகவே பேசினார்கள். அங்கே முகங்கள் தெரிந்தன. இங்கே 'எல்'லுக்கு ஒரே ஓர் எழுத்துதான் பெயர். தங்கள் சாதியையும் காதலையும் கேமராவின் முன் சொல்ல முடியாத எத்தனையோ பெண்களுக்காக அந்த எழுத்து நிற்கிறது என்றே நான் கொள்கிறேன். அந்த அளவில் அதை ஆவணம் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.