சாய்ந்து நிற்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால்

ஐயா, இங்கிலாந்தில் செஷயர் வட்டாரத்தில் இருக்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால் படங்களைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் அழகான வீடு. ஆனால் சுவரெல்லாம் நெளிந்து, எப்போது விழுமோ என்றிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்கிறார்களே, ஏன் நிமிர்த்திக் கட்டவில்லை?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நெளிவுக்குக் காரணம் உச்சி மாடிதான். 1500களின் தொடக்கத்தில் வில்லியம் மோர்ட்டன் ஆரம்பித்த வீடு அது. அவர் சந்ததியினர் சுமார் நூறு வருடம் அதை விரித்துக்கொண்டே போனார்கள். தெற்குப் பகுதியின் தலைமேல், ஏறக்குறைய 68 அடிக்கு ஒரு நீள்கூடத்தை ஏற்றினார்கள். மழைநாளில் உள்ளேயே உலாவவும் விளையாடவும் அப்படியொரு கூடம் வேண்டும் என்பது முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் செல்வந்தர்களின் மோகம். கூரைக்குப் போட்டதோ கனத்த கல் பலகைகள். கீழிருந்த ஓக் மரச் சட்டகம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் வளைந்தது, தரையும் அலை அலையானது.

ஒரு மரத்தின் நாக்கு போன்ற முனையை இன்னொரு மரத்தின் துளையில் செருகி, மர ஆணி அடித்த சட்டகம் அது. நானூறு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு இணைப்பும் சாய்வோடு சேர்ந்தே இறுகியிருக்கிறது. ஒன்றை நிமிர்த்தினால் பக்கத்தில் இருப்பது பிளந்துவிடும், பிறகு மரத்தையே மாற்ற வேண்டிவரும். அதனால்தான் நீள்கூடத்துக்குப் பிற்காலத்தில் எஃகுக் கம்பிகள் கொடுத்துப் பிடித்து நிறுத்தியதோடு விட்டார்கள். அது சரியான முடிவு என்பேன். முற்றத்து ஜன்னல்களில், ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் கடவுள் அருளால் இவற்றைச் செய்ததாக எழுத்து பொறித்திருக்கிறது. பக்கத்திலேயே 1559 என்ற ஆண்டும் வீட்டுக்காரர் பெயரும். முதலாளி பெயருக்குச் சமமாகத் தச்சர் பெயரும் நிற்கும் மரத்தை எப்படிக் கழற்றிப் போடுவது?

இவ்வளவும் மிஞ்சியதற்குக் காரணம் வறுமை. 1640களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மோர்ட்டன்கள் மன்னர் பக்கம் நின்று பணத்தை இழந்தார்கள். வசதி இருந்திருந்தால் இடித்துவிட்டு, அந்தக் கால நாகரிகப்படி செங்கல் மாளிகை கட்டியிருப்பார்கள். அது முடியாமல் வீட்டைக் குத்தகைக்கு விட்டார்கள், பல தலைமுறை குத்தகை விவசாயிகள் அதில் குடியிருந்தார்கள். 1938இல் வீடு, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு வந்தது. இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், அனுமதியில்லாமல் எதையும் மாற்ற முடியாது.

நீங்கள் ரசித்த அந்தக் கறுப்பு, விக்டோரியா காலத்து வழக்கம். முன்பு ஓக் மரத்தைப் பூச்சில்லாமல், வெளிறிச் சாம்பல் நிறமாக விட்டிருப்பார்கள். இடையில் இருந்த மண்பூச்சுக்குக் காவி மஞ்சள் அடிப்பார்கள்.

அன்புடன்.