பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: வைஃபை டாங்கிள் வாங்கலாமா?

கேள்வி: நண்பர் ஒருவர் 2008 வாக்கில் வாங்கிய டெல் லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை காட்டவே இல்லை. வீடியோ ஓடும்போது திரை அப்படியே நின்றுவிடுகிறது. என்விடியா ஜிஃபோர்ஸ் 8400எம் ஜிஎஸ் என்று ஸ்டிக்கர் இருக்கிறது. "வைஃபைக்கு டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கருவி) வாங்கிக்கோங்க, கிராபிக்ஸை சூடு பண்ணிச் சரி செஞ்சு தரேன்" என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இரண்டுக்குமே இப்போது பணம் கொடுக்காதீர்கள்.

லேப்டாப் ஓரத்தில் வைஃபைக்கென்று சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது அணைந்திருந்தால் எந்த டிரைவர் போட்டாலும் வேலை செய்யாது. அது சரியாக இருந்தால், டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என் ஆப்ஷனோடு (lspci -nn) கொடுங்கள். நெட்வொர்க் வரியின் கடைசியில் 14இ4 (14e4) என்று தொடங்கும் எண் வந்தால் அது பிராட்காம் சிப். அந்தக் காலத்து டெல்லில் பெரும்பாலும் 14இ4:4315, அதாவது பிசிஎம்4312 இருக்கும்.

அது கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. அதன் ஃபர்ம்வேரை (சிப்பை இயக்கும் உள் மென்பொருளை) லினக்ஸோடு சேர்த்துத் தர பிராட்காம் அனுமதிக்கவில்லை, அதனால் நாம்தான் தனியாகப் போட வேண்டும். நெட் இல்லாமல் எப்படி இறக்குவது என்று திகைக்க வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், போனின் நெட் லேப்டாப்புக்கு வரும். அப்புறம் மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவர் காட்டும். அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும், செலவே இல்லை.

முடியவில்லை என்றால் டாங்கிள் வாங்கலாம். ஆனால் பெட்டியில் உள்ள மாடல் பெயரை நம்பாதீர்கள், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்குச் சரியான உதாரணம். முதல் பதிப்பில் இருந்தது அதெரோஸ் ஏஆர்9271. லினக்ஸில் செருகியதுமே வேலை செய்யும். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப்புக்கு மாறினார்கள். அது முதல் பதிப்பைப் போல எப்போதும் உடனே வேலை செய்யாது, ஆனால் பெயர் அதே பெயர்தான். மீடியாடெக் எம்டி7601யூ உள்ள டாங்கிளும் நல்லது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 4.2 பதிப்பு முதல் அதன் டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

உள்ளே இருக்கும் வைஃபை கார்டையே மாற்றலாம் என்று யாராவது சொன்னால், டெல்லில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பழைய எச்பி, திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் அவர்கள் அனுமதித்த கார்டு தவிர வேறு போட்டால் லேப்டாப் பூட் ஆகாமல் நின்றுவிடும்.

கிராபிக்ஸ்தான் கவலை தருகிறது. 8400எம் வகைக்கான 340 வரிசை டிரைவருக்கு என்விடியா 2019 முடிவோடு ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய கெர்னலோடு அதை மல்லுக்கட்டிச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்ட்டோடு வரும் நூவோ டிரைவரே போதும். வீடியோவை 480பி-க்குக் குறைத்து, டெஸ்க்டாப் எஃபெக்டுகளை நிறுத்திப் பாருங்கள்.

அப்படியும் நின்றால் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும், லினக்ஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையிலேயே கோடுகளோ புள்ளிகளோ தெரிகின்றனவா? தெரிந்தால் லினக்ஸ் மீது தப்பில்லை, சிப்பே போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தலைமுறை லேப்டாப் சிப்புகளின் தயாரிப்பிலேயே பலவீனம் இருந்தது. அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக 2008 ஜூலையில் என்விடியாவே அறிவித்தது. சூடு செய்தால் சில வாரமோ சில மாதமோ ஓடும், பிறகு அதே கதைதான். கோளாறு சிப்பின் உள்ளே இருப்பதால் ரீபால் செய்தாலும் (சிப்பைக் கழற்றிப் புது சால்டரில் மீண்டும் ஒட்டினாலும்) நிலைக்காது.

அந்தப் பணத்தை வைத்து, இன்டெல் கிராபிக்ஸ் மட்டுமே உள்ள செகண்ட்ஹேண்ட் லேப்டாப் பாருங்கள். வைஃபை ஒத்துவராவிட்டால் சில நூறு ரூபாயில் சரிசெய்துவிடலாம், போர்டோடு ஒட்டிய கிராபிக்ஸை அப்படி மாற்ற முடியாது. கடைக்குப் போகும்போது மின்ட் போட்ட பென்டிரைவைக் கையோடு எடுத்துப் போங்கள். அதிலிருந்து பூட் செய்து, ஒரு வீடியோவை ஓட்டி, மூடியை ஒருமுறை மூடித் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.