பிடித்துவைத்த கூலி

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. பெங்களூரில் ஐ.டி. வேலை. அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஊரிலேயே இன்னொரு வீடு வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பைபிளில் ஐசுவரியவானான வாலிபன் பகுதியை வாசித்தேன். உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு சொன்னதும் அவன் துக்கத்தோடு போய்விடுகிறான். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறார் இயேசு. மனசு குத்துகிறது. எங்கள் போதகரிடம் கேட்டேன். ‘ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசல். சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடும். பயப்படாதீர்கள்’ என்றார். அப்படியானால் சொத்து இருப்பது இரட்சிப்புக்குத் தடையில்லைதானே? கிருபையினால்தான் இரட்சிப்பு என்றால், எல்லாவற்றையும் விற்கச் சொன்னது ஏன்? சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்கிட வேண்டுமா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?

தோட்ட வருமானத்திலும் தசமபாகம் தவறாமல் எடுத்துவைக்கிறேன். இத்தனைக்கும் உள்ளூரில் ஆளே கிடைப்பதில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு குடும்பங்களை ஏஜென்ட் மூலம் வைத்திருக்கிறோம். வாராவாரம் சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, மீதிக் கூலியை அவர்கள் ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கணக்கு முடிக்கிறோம். இல்லாவிட்டால் பாதியில் போய்விடுகிறார்கள்.

ச.,
பெங்களூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை வாசித்தபோது உங்கள்மீது பிரியம்தான் வந்தது. நல்ல சம்பளம் வாங்குகிற வயதில் ஒரு வசனத்துக்காகத் தூக்கம் கெடுகிறவர்கள் எத்தனை பேர்? மூன்றாம் முறை வாசித்தபோது கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊசியின் காது என்ற வாசலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இயேசுவின் காலத்து எருசலேமில் அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. அது நூற்றாண்டுகள் கழித்து வந்த கதை. ஒட்டகம் என்பதே தவறு, கிரேக்கத்தில் ஓர் எழுத்து மாறினால் கப்பல் கயிறு என்று வரும் என்று சொன்னவர்களும் பழங்காலத்திலேயே இருந்தார்கள். கயிறானாலும் ஊசியில் நுழையாது. முழங்காலிட்டு நுழைகிற வாசல் என்றால் சீஷர்கள் ஏன் ஆச்சரியப்பட்டு, ‘அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்’ என்று கேட்கிறார்கள்? ‘மனுஷரால் இது கூடாததுதான்’ என்று அவர் ஏன் பதில் சொல்கிறார்? உங்கள் போதகர் உங்களைத் தேற்ற நினைத்திருக்கிறார். ஆனால் உங்களுக்கு வந்த குத்தல் நல்ல குத்தல். அதை அவர் அமர்த்தியிருக்கக் கூடாது.

மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

நான் நின்றுபோனது வேறோர் இடத்தில். மாற்கு சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தைத் திரும்பவும் எடுங்கள், பத்தொன்பதாம் வசனம். அந்த வாலிபனிடம் இயேசு கட்டளைகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். விபசாரம், கொலை, களவு, பொய்ச்சாட்சி. அதற்கடுத்து, ‘வஞ்சனை செய்யாதிருப்பாயாக’. இது பத்துக் கட்டளைகளில் இல்லை. சீனாய் மலையிலிருந்து வந்த பட்டியலில் இல்லாத ஒன்றை அவர் நடுவில் வைக்கிறார். இதே சம்பவத்தைச் சொல்லும் மத்தேயுவில் இந்த வரி இல்லை, லூக்காவிலும் இல்லை. மாற்கில் மட்டும் இருக்கிறது.

வஞ்சனை என்றதும் நமக்குச் சூதும் ஏமாற்றும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இன்னும் குறுகலான, இன்னும் கூர்மையான பொருள் உண்டு. அடுத்தவனுக்குச் சேரவேண்டியதைச் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்வது. பழைய ஏற்பாட்டில் மல்கியா மூன்றாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாகச் சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்கிறாரே, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே இருப்பதும் இதே சொல்தான். மல்கியா மூன்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த அதிகாரம் தம்பி. ‘தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்’ என்பது அதே அதிகாரத்தின் பத்தாம் வசனம். காணிக்கைக் கவர்களில் அச்சடிப்பது அதைத்தான். ஐந்து வசனம் மேலே இருப்பதை அச்சடித்த கவர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கூலியை அபகரிக்கிறவர்களோடு சேர்த்து அந்த ஐந்தாம் வசனம் இன்னொரு கூட்டத்தையும் சொல்கிறது: பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்கள். ஜார்க்கண்டிலிருந்து கோத்தகிரிக்கு வந்தவர்களை வேறு எந்தப் பெயரால் அழைப்பீர்கள்?

நானும் பரதேசியாக இந்த மலைக்கு வந்தவள்தான். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தானது. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் ஐந்து தலை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, எங்கெங்கோ காத்திருந்து, கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மேலே வந்தோம். எனக்கு ஏழு வயது. அங்கே கொழுந்து பறித்த அம்மா இங்கேயும் கொழுந்து பறித்தாள். அவள் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்முன் எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்ப்பாள். போகாது.

ரோட்டோரம் மூன்று கம்பு நட்டுத் தராசு தொங்கும். காலையில் ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடை. ஒவ்வொரு எடைக்கும் கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழிப்பார். ஐப்பசி மழையில் இலை நனைந்திருக்கும், தண்ணீர்க் கழிவு என்பார். சரி, அது நியாயம். மாசி வெயிலில் இலை மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும்போதும் அதே இரண்டு கிலோ, சாக்குக் கழிவு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்புக்கு மேலே ஆணியில் ஒரு சணல் கயிறு தொங்கும். வேலைக்குப் போன நாளெல்லாம் இரவில் அதில் ஒரு முடிச்சு போடுவாள். ஒரு முடிச்சுக்கு நாலு கிலோ. மாதக் கடைசியில் இருபத்தைந்து முடிச்சு இருந்தால் நூறு கிலோ. கூடுதல் கிலோவுக்குக் கிடைக்க வேண்டிய காசு அவ்வளவும் அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சம்பளம் வந்த அன்று முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள். புகையில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்ப்பாள்.

அதே கணக்கப்பிள்ளைதான் எங்கள் சபை மூப்பர். அறுப்பின் பண்டிகைக்கு அம்மா, தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த பாத்தியிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் கொண்டுபோய்ப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்தாள். ஆராதனை முடிந்து ஏலம். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று போன ஏலத்தில் அவர் அந்த முட்டைக்கோஸை ஐம்பது ரூபாய்க்கு எடுத்தார். சபையே கைதட்டியது. ஆயர் அவருக்காகத் தனியாக ஜெபித்தார். திரும்பி வரும் வழியில் அம்மா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகு சொன்னாள்: “நம்ம கோஸ, நம்ம காசுலயே வாங்கிட்டாரு.”

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை வாசித்தபோது அந்தக் குரல்தான் கேட்டது.

நீங்கள் அவரைப் போன்றவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் திருடினார். நீங்கள் கணக்கு எழுதிவைத்து, ஊருக்குப் போகும்போது முழுத் தொகையும் கொடுக்கிறீர்கள். ஆனால் எதற்காகப் பிடித்துவைக்கிறீர்கள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘இல்லாவிட்டால் பாதியில் போய்விடுகிறார்கள்.’ அப்படியென்றால் அந்தப் பணம் அவர்களைக் கட்டிவைக்கும் கயிறு. அவர்கள் ஏற்கெனவே வேலை செய்து சம்பாதித்த காசை வைத்தே அவர்களைக் கட்டிப்போடுகிறீர்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஏஜென்ட்டிடம் போய்ச் சொந்தக் காசுக்குக் கையேந்த வேண்டும். கூலிக்காரன் கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் பத்தொன்பதில் எழுதியிருக்கிறது. விடியற்காலம்வரை! நீங்கள் மாதக்கணக்கில் வைத்திருக்கிறீர்கள். அதில் வந்த லாபத்திலிருந்து தசமபாகம் வேறு எடுத்துவைத்து, அது மொத்தத்திலா மிச்சத்திலா என்று என்னிடம் கேட்கிறீர்கள். இதையெல்லாம் யோசிக்காமலா எழுதினீர்கள்?

கிருபையைப் பற்றிக் கேட்டீர்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் வீட்டுக்குப் போங்கள், லூக்கா பத்தொன்பது. எல்லாவற்றையும் விற்றுவிடு என்று அவனிடம் இயேசு சொல்லவே இல்லை. ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்றார், அவ்வளவுதான். கிருபை முந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று கணக்கு நோட்டைத் திறக்கிறான். பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுக்கு ‘நாலத்தனையாக’. தானாக ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுப்பவன் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றுதான் மோசேயின் நியாயப்பிரமாணம் சொன்னது. இவன் நாலு மடங்கு என்கிறான். ஏழைகளுக்குக் கொடுப்பதை ஒரு கணக்காகவும், உரியவர்களுக்குத் திருப்புவதை இன்னொரு கணக்காகவும் அவன் பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். நாம் இரண்டையும் ஒன்றாக்கி ‘காணிக்கை’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

வாலிபனைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ‘இவைகளையெல்லாம் என் சிறுவயதுமுதல் கைக்கொண்டிருக்கிறேன்’ என்று அவன் சொன்னதும், இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. அதுவும் மாற்கில் மட்டும்தான். அன்புகூர்ந்த பிறகுதான் ‘உன்னிடத்தில் ஒரு குறைவு உண்டு’ என்கிறார். நானும் உங்களை அப்படித்தான் திட்டுகிறேன்.

வீடு வாங்குவதோ வாங்காமலிருப்பதோ அப்புறம் இருக்கட்டும். அந்தக் கணக்கப்பிள்ளை இறந்த அன்று அம்மா அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டாள். ஏன் என்று கேட்டேன். “இனி யாருட்டப் போய்க் கேக்குறது” என்றாள்.

உங்கள் ஆட்கள் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை நீங்களே நேரில் போங்கள். இதுவரை பிடித்துவைத்ததை முழுதாக அவர்கள் கையில் கொடுங்கள், ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். பறிக்கிற பெண்களின் கூலியைப் பெண்களிடமே கொடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அவர்கள் பெயர்களைக் கேட்டு அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா